ஆடும் புலியும்: நிறையும் குறையும்

வரும் பொங்கல் விழாவின் போட்டிகளில் ஆடுபுலி ஆட்டத்தை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்னும் வினா நம் சங்கத்தின் செயற்குழுவில் எழுந்திருக்கிறது. சதுரங்கமும் காரம் பலகையும் போதும் என்பார் ஒரு சாரார். ஊரை விட்டு வந்த நாம் இதையும் விட்டுவிட்டால் குழந்தைகளுக்கு எதைத்தான் காட்டுவது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஆட்டத்தின் நிறைகுறையை எடைபோட்டுப் பேசவில்லை. ஒருவர் வெறுப்பால் பேசினார், மற்றவர் பாசத்தால் பேசினார். ஆதலின் இம்மாத இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம். நாம் இதை எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2025-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் இப்போட்டிக்கு நடுவராக அமர்ந்தவர் நாமே. அன்று நாம் செய்த ஒரு பிழையை உரிய இடத்தில் சொல்லுவோம்.

காரக்பூரில் பிறந்து வளரும் பிள்ளைகளுள் இவ்வாட்டத்தை அறியாதவர் பலர். அவர்களுக்காகக் கட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விசிறிபோல் விரிந்து கீழிறங்கும் கோடுகள் நான்கு. அந்நான்கையும் குறுக்கே வெட்டிச் செல்லும் கோடுகள் மூன்று. அவை முக்கோணத்துக்கு வெளியே இருபுறமும் சற்று நீண்டு நிற்கும். அவற்றின் முனைகளை இடப்புறம் ஒரு கோடும் வலப்புறம் ஒரு கோடும் இணைக்கும். கடைசியாக, நான்கு கால்களின் அடியையும் இணைக்கும் ஒரு கோடு. உச்சியில் ஒன்று, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறாறாகப் பதினெட்டு, அடியில் நான்கு, ஆக மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் வைத்துவர வேண்டும். பதினைந்தும் இறங்கும் வரை வைத்த ஆட்டை நகர்த்தலாகாது. புலியோ கோட்டின் வழியே அடுத்த புள்ளிக்கு நகரும்; பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கு அப்பாலுள்ள புள்ளி வெறுமையாயிருந்தால் தாண்டி வெட்டும். புலிகள் மூன்றும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. குறிப்பிட்ட எண்ணிக்கை ஆடுகள் வெட்டுண்டால் புலிக்கு வெற்றி.

இது நமக்கே உரிய ஆட்டம் என்று மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. நம் அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர் இதே கட்டத்தைக் கண்டதும், ‘புலி மேக ஆட்ட’ என்று சொல்லிச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அமர்ந்துவிட்டார். கன்னடத்தில் இதற்கு ‘ஆடு ஹுலி ஆட்ட’ என்று பெயர். இவ்வூர் வங்காளிகள் ‘பாக் பந்தி’ என்னும் ஆட்டம் ஆடுவர். புலியைச் சிறைப்பிடித்தல் என்பது அதன் பொருள். கட்டம் வேறு, கருத்து ஒன்றே. நேபாளத்தில் ‘பாக் சால்’ என்று ஓர் ஆட்டம் உண்டு. அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள்; புலி ஐந்து ஆடுகளை வெட்டினால் வென்றதாகும். அதைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி சொல்லவேண்டும்.

நிறைகளுள் முதலாவது எளிமை. சுண்ணக்கட்டி ஒன்று, புளியங்கொட்டை பதினைந்து, கூழாங்கல் மூன்று, இவ்வளவே முதலீடு. நம் நாட்டில் கோவில் மண்டபத் தளங்களிலும் ஊர்ப்புறப் பாறைகளிலும் இக்கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். மாடு மேய்த்தவரும் வழிப்போக்கரும் ஆடிய ஆட்டம். இரவுப் பணியில் வண்டி தாமதமாகும்போது நாமும் பார்சல் அலுவலகத்து வாயிலில் தரையில் வரைந்து ஆடியிருக்கிறோம். ஒருமுறை தூக்குக்கூலி அன்பர் ஒருவர் நம்முடைய மூன்று புலிகளையும் அடைத்துவிட்டு ஒன்றும் நடவாதது போல் பீடி பற்றவைத்ததை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது, இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. தாயத்தில் கட்டை விழுந்தபடி காய் நகரும்; தோற்றவர் கட்டையைக் குறை கூறலாம். இங்கே தோற்றால் தம்மையே குறை கூறிக்கொள்ள வேண்டும். இப்பண்பு சதுரங்கத்துக்கும் உண்டு என்பது உண்மையே.

சதுரங்கத்துக்கு இல்லாத பண்பு ஒன்று இதற்கு உண்டு. அதுவே இதன் உயிர். இருவரும் ஒரே படையை வைத்துக்கொண்டு ஆடுவதில்லை. ஒருவருக்கு மூவர், மற்றவருக்குப் பதினைவர். ஒருவருக்கு வெட்டும் உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை. ஒருவர் வெல்வது கொன்று. மற்றவர் வெல்வது இடம் பிடித்து. நம் இல்லத்துச் சிறுமிக்கு வயது எட்டு. அவளுக்கு முதலில் இதைக் கற்பித்தபோது, “எனக்குப் புலிதான் வேண்டும் அப்பா, ஆடு ஒன்றும் செய்யாது” என்று அடம் பிடித்தாள். ஒரு மாதம் புலியாகவே ஆடினாள். பிறகு ஒருநாள் அவளுடைய மூன்று புலிகளும் ஓர் ஓரத்தில் அடைபட்டு நிற்க, அவள் கட்டத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் அவளுக்கு ஆடுதான் வேண்டும்.

புலி எவ்வாறு அடைபடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆட்டத்தின் நுட்பம் விளங்கும். பார்சல் அலுவலகத்தில் எண்ணிடாத பொருள் எதுவும் இல்லை. அந்தப் பழக்கத்தால் புள்ளிகளுக்கும் எண் இட்டுவிட்டோம். உச்சி 1. அதன் கீழ்க் குறுக்குக் கோடு இடமிருந்து வலமாக 2 முதல் 7 வரை. அடுத்தது 8 முதல் 13. அதற்கடுத்தது 14 முதல் 19. அடிக்கோடு 20 முதல் 23. அன்பர்கள் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறோம்.

உச்சியில், அதாவது 1-இல் உள்ள புலியைக் கட்ட வேண்டுமானால் அதன் பக்கத்துப் புள்ளிகள் நான்கும் நிரம்ப வேண்டும். அது தாண்டி விழக்கூடிய நான்கு புள்ளிகளும் நிரம்ப வேண்டும். ஆக எட்டு. அதே புலி 2 என்னும் மூலையில் நின்றால் 3, 4, 8, 14 ஆகிய நான்கு இடங்கள் நிரம்பினாலே போதும். 14-இல் நிற்பது இன்னொரு புலியாக இருந்துவிட்டால் இன்னும் எளிது. புலி புலியைத் தாண்டாது. எனவே 2-இலும் 14-இலும் இரு புலிகள் நின்றால் 3, 4, 8, 15, 16 ஆகிய ஐந்து இடங்களில் நிற்கும் ஐந்து ஆடுகள் அவ்விரண்டையும் கட்டிவிடும். ஒன்றின் வழியை மற்றொன்று அடைத்துக்கொள்கிறது! புலிக்காரர் தம் புலிகளை அண்ணன் தம்பிகளைப்போல் சேர்த்து வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

ஆட்டுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. 1, 2, 7, 14, 19, 20, 23 ஆகிய ஏழு புள்ளிகளில் நிற்கும் ஆட்டை எப்புலியாலும் வெட்ட முடியாது. அங்கே எல்லாக் கோடுகளும் முடிந்துவிடுகின்றன, அப்பால் விழுவதற்கு இடமில்லை. இவற்றை முதலில் நிரப்பி, பிறகு அவற்றுக்கு இடைப்பட்ட 8, 13, 21, 22-ஐ நிரப்பினால் அவையும் பாதுகாப்பாகிவிடும். அதன்பின் 15 முதல் 18 வரை ஓரத்திலிருந்து உள்நோக்கி வைத்துக்கொண்டே வரலாம். உச்சியைப் புலிக்கு விட்டுவிட்டாலும் பதினான்கு ஆடுகளை ஒன்றுகூட இழக்காமல் இறக்கிவிடலாம், புலி குறுக்கே வந்து அமராதிருந்தால். இதை அறியாத புலிக்காரர் நடுவிலேயே உலாவிக்கொண்டிருப்பார். அறிந்தவர் மூலை ஒன்றில் அமர்ந்து வேலியைக் கெடுப்பார். ஆனால் மூலையில் அமர்ந்த புலிக்கு நான்கு ஆடு போதும் என்று சற்று முன்னர்க் கண்டோம். இவ்வாறு ஒவ்வொரு நல்ல இடத்துக்கும் ஒரு விலை வைத்திருக்கும் ஆட்டத்தைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவது முறையன்று.

பதினைந்தும் இறங்கியபின் நிலைமை தலைகீழாகிறது. 23 புள்ளிகளில் 18 நிரம்பிவிட்டன, வெற்றிடம் ஐந்தே. வண்டிகள் நிறைந்த யார்டில் ஷண்டிங் செய்வதைக் கண்டவர்களுக்கு இது புரியும்: ஒன்றை நகர்த்த இன்னொன்று விலக வேண்டும். ஆட்டுக்காரர் தம் முறை வந்தால் ஏதாவதொன்றை நகர்த்தியே ஆகவேண்டும். சும்மா இருக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. முன்னேறிய ஆட்டின் முதுகுப்புறம் ஒரு வெற்றிடம் பிறக்கிறது. எதிரே புலி நின்றால் அந்த வெற்றிடமே அவ்வாட்டுக்கு எமன். ஒவ்வோர் ஆடு வெட்டுண்ணும்போதும் வெற்றிடம் ஒன்று கூடும்; ஆறு ஆடுகள் போனால் பதினொன்றாகும். அவ்வளவு திறந்த வெளியில் மூன்று புலிகளையும் கட்டுவது அரிது.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

கைதேர்ந்தவர் இருவர் அமர்ந்தால் இவ்வாட்டம் முடிவதில்லை. மேற்சொன்ன வேலியை ஆட்டுக்காரர் கட்டிவிட்டு, ஆபத்தில்லாத ஓர் ஆட்டை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருப்பார். புலிக்காரரும் ஒரு புலியை அவ்வாறே நகர்த்திக்கொண்டிருப்பார். கூடியிருந்தவர் ஒருவர் ஒருவராக எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவர். நேபாளத்து ஆட்டத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்வதாகக் கூறினோம் அல்லவா? யூ ஜின் லிம், யூர்க் நீவெர்கெல்ட் என்னும் அறிஞர் இருவர் அதைக் கணிப்பொறியைக் கொண்டு ஆராய்ந்தனர். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது வெற்றிதோல்வியின்றியே முடியும் என்று நிறுவி, 2009-இல் நூலொன்றில் வெளியிட்டனர். நம் கட்டம் வேறு. அம்முடிவை அப்படியே நம்முடையதற்குப் பொருத்தலாகாது. எனினும் நம் தேநீர்க்கடை அனுபவமும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

அடுத்த குறை, இருபுறமும் சமமில்லை என்பது. மேலே இதையே நிறையென்று புகழ்ந்தோம். போட்டி என்று வந்துவிட்டால் இதுவே குறையாகிறது. தேறாதவர்கள் ஆடும்போது பெரும்பாலும் புலியே வெல்வதை நாம் கண்டிருக்கிறோம். தேறியவர்களிடம் ஆட்டின் கை ஓங்குகிறது. எந்தப் பக்கம் கிடைத்தது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துவிட்டு, வென்றவருக்குப் பரிசு தருவது நியாயமாகுமா? அதிர்ஷ்டமே இல்லாத ஆட்டம் என்று பெருமை பேசிவிட்டு, வாயிலிலேயே அதிர்ஷ்டத்தை உட்கார வைத்துவிட்டோம்.

சதுரங்கத்தை விரும்பும் இளைஞர்கள் வேறொன்றைச் சுட்டிக்காட்டினர். அதை மறுக்க இயலவில்லை. சதுரங்கத்தில் ஆடிய ஆட்டமெல்லாம் எழுத்தில் உள்ளது. 1961-இல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988-இல் விசுவநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். மூவரும் தமிழகத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் ஆடிய ஆட்டங்களை இன்று ஒரு சிறுவன் இங்கேயே உட்கார்ந்து காய் காயாக நகர்த்திப் பார்த்துக் கற்கலாம். ஆடுபுலியில் நம் பாட்டிமார் எப்படி வென்றார்கள் என்பது யாருக்குத் தெரியும்? புளியங்கொட்டையை வாரி டப்பாவில் போட்டதும் ஆட்டம் அழிந்தது. புள்ளிகளுக்கு நாம் எண் இட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவையனைத்தினும் பெரிய குறை விதியைப் பற்றியது. ஊருக்கொரு விதி, சில இடங்களில் தெருவுக்கொரு விதி! உச்சியில் ஒன்றும் அதன் கீழே நடுவில் இரண்டுமாகப் புலிகளை முதலிலேயே வைத்துவிடுவர் சிலர். ஆடு ஒன்று புலி ஒன்று என மாற்றி மாற்றி வைப்பர் சிலர். ஐந்து வெட்டினால் வெற்றி என்பாரும், ஆறு என்பாரும், ஆடுகள் முழுதும் தீர வேண்டும் என்பாரும் உளர். வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டியே தீரவேண்டுமா என்பதிலும் வேறுபாடு. தம் ஊரில் இருந்தவரை இது குறையாகத் தோன்றியிராது. அங்கே திண்ணையில் அமர்ந்த அனைவரும் ஒரே விதியைப் பாலோடு குடித்தவர்கள். காரக்பூர்க் குடியிருப்பில் ஒரு சுவருக்கு இப்புறம் சேலம், அப்புறம் திருநெல்வேலி, மாடியில் தஞ்சாவூர்.

இப்போது நம் பிழையைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. 2025 பொங்கலில் இறுதி ஆட்டம் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கும், குடியிருப்பில் எல்லோரும் ஆச்சி என்று அழைக்கும் திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டி ஒருவருக்கும் நடந்தது. மகனோடு இங்கே வந்து தங்கியிருப்பவர். மொழி தெரியாத ஊரில் வெளியே அதிகம் போகாதவர். பிள்ளைகளுக்கு ஆடுபுலி கற்பிக்க வேண்டும் என்று கேட்டதன்பேரில் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்துக்கு வரத் தொடங்கியிருந்தார். எட்டுப் பத்துப் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இறுதி ஆட்டத்தில் அவர் ஆட்டுப்பக்கம். ஆறு ஆடுகள் வெட்டுண்டால் தோல்வி என்று நாம் முன்னரே அறிவித்திருந்தோம். அதற்கு மேல் ஒன்றையும் அறிவிக்கவில்லை.

நான்கு ஆடுகள் போய்விட்டிருந்தன. எஞ்சிய பதினொன்றில் அவர் 3, 4, 8, 15, 16-இல் ஐந்தை நிறுத்தி 2-இலும் 14-இலும் இரு புலிகளைக் கட்டிவிட்டார். மூன்றாம் புலி உச்சியில். மற்ற ஆடுகள் 9, 10, 11, 17, 21, 23-இல் நின்றன. அன்பர்கள் தாளில் வைத்துப் பாருங்கள். அவர் 11-இல் இருந்த ஆட்டை 5-க்கு நகர்த்தினார். முதுகுப்புறத்தை வெறுமையாக்கி, புலியின் வாய்க்கு எதிரே ஆட்டை வைத்தார். நாம் உட்படப் பார்த்திருந்தவர் எல்லோரும் தவறிச் செய்துவிட்டார் என்றே எண்ணினோம். சிறுவனின் புலி 1-இலிருந்து 5-ஐத் தாண்டி 11-இல் விழுந்தது. கையை எடுக்காமலே 17-ஐத் தாண்டி 22-இல் விழுந்தது. ஐந்து, ஆறு. ஆட்டம் முடிந்தது என்று பிள்ளைகள் கூவினர்.

“ஒரு முறைக்கு ஓர் ஆடுதான்” என்றார் ஆச்சி. தன் தாத்தாவின் ஊரில் எத்தனை வேண்டுமானாலும் தொடர்ந்து தாண்டலாம் என்றான் சிறுவன். அவன் பொய் சொல்லவில்லை. அவன் தந்தையும் அதையே சொன்னார். நாம் கைப்பேசியை எடுத்துத் தேடினோம். தொடர்ந்து தாண்டலாம் என்று எங்கோ ஒருவர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அதைப் படித்துக்காட்டிச் சிறுவன் வென்றான் என்று அறிவித்துவிட்டோம். மதிய உணவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்; நமக்கும் பசி. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் தம் புளியங்கொட்டைகளை எண்ணி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிள்ளைகள் சில வாரங்கள் வந்து பார்த்துவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பினர்.

பல மாதங்களுக்குப் பின் ஓர் இரவுப் பணியில் அந்நிலையை நாம் மீண்டும் வரைந்து பார்த்தோம். புலி ஒருமுறை மட்டும் தாண்டி 11-இல் நின்றிருந்தால், ஆச்சிக்கு ஒரு முறை கிடைத்திருக்கும். 23-இல் உள்ள ஆட்டை 22-க்கு நகர்த்தியிருந்தால் 17-ஐ வெட்ட வழியில்லை. 10-ஐ வெட்டவும் வழியில்லை, ஏனெனில் 9 நிரம்பியிருக்கிறது. வெட்டுண்டது ஐந்து, ஆறாவது எளிதில் கிடைக்காது. எட்டு இடங்களை அடைத்தாலன்றிக் கட்ட முடியாத உச்சியிலிருந்து அப்புலியை ஓர் ஆட்டின் விலைக்குக் கீழே இறக்கியிருக்கிறார்! நாம் தவறு என்று எண்ணியது ஒரு தூண்டில். அவர் அறிந்த விதிப்படி அது குற்றமற்ற ஆட்டம்.

மறுநாளே அவர் வீட்டுக்குச் சென்றோம். தாளைக் காட்டினோம். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களைப் பார்த்தார். எண்கள் அவருக்குப் பிடிபடவில்லை. தரையில் விரலால் கோடிழுத்துக் காட்டியதும் சிரித்தார். “விதி எதுவானாலும் சரி தம்பி. முதல் ஆட்டை வைக்குமுன் சொல்லியிருந்தால் அதற்குத் தக்கபடி ஆடியிருப்பேனே” என்றார். தோற்றதில் அவருக்கு மனத்தாங்கல் இல்லை. தாம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, தம்மிடம் ஒரு சொல் கேளாமல் கைப்பேசியைக் கேட்டோம் என்பதே மனத்தாங்கல் என்று அவருடைய மருமகள் வாயிலில் நம்மிடம் மெல்லச் சொன்னார்.

ஆகவே செயற்குழுவுக்கு நம் கருத்தைத் தெரிவிக்கிறோம். ஆட்டத்தை விடவேண்டாம். போட்டி முறையை மாற்றுங்கள். ஒவ்வோர் இணையும் பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடட்டும். இரண்டிலும் புலியாக இருந்து வெட்டிய ஆடுகளை எண்ணி, மிகுதியாக வெட்டியவர் வென்றதாகக் கொள்ளலாம். புலிகள் மூன்றையும் கட்டியவருக்கு மூன்று ஆடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வாறு செய்தால் சமமின்மை என்னும் குறை தீரும். பதினைந்து ஆடுகளும் இறங்கியபின் ஆளுக்கு நாற்பது நகர்த்தல். அதற்குள் முடியாவிட்டால் அந்நிலையிலேயே எண்ணிக்கை எடுத்துவிடலாம். தேநீருக்குப் போனவர்கள் திரும்பி வந்து முடிவைக் காணலாம். ஒரு முறைக்கு ஓர் ஆடே வெட்டலாம் என்பதும், வெட்டுவது கட்டாயமில்லை என்பதும் நாம் பரிந்துரைப்பவை. தொடர்ந்து தாண்டுவது தவறென்று சொல்லவில்லை. அச்சிறுவனின் தாத்தா ஊரில் அதற்கேற்ற ஆட்டமுறை இருக்கும். ஆயினும் தூண்டில் போடும் அழகு அவ்விதியில் பெரிதும் குன்றிவிடுவதாக நமக்குத் தோன்றுகிறது. செயற்குழு வேறு விதியைத் தேர்ந்தாலும் தடையில்லை. அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு முதல் ஆட்டை வைக்கட்டும்.

நடுவராக நம்மை மீண்டும் அமர்த்த வேண்டாம். ஆச்சியை அமர்த்தலாம் என்று சொல்லியிருப்போம். ஆனால் அவர் ஆடவே வருகிறார். சென்ற ஞாயிறு சங்கக் கட்டடத்தில் அச்சிறுவனோடு பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடினார். முதல் ஆட்டத்தில் அவர் ஆட்டுப்பக்கம். இரண்டு ஆடுகளை இழந்து மூன்று புலிகளையும் கட்டினார். அடுத்ததில் புலிப்பக்கம், மூன்று ஆடுகள்தாம் கிடைத்தன. சிறுவன் ஓரத்திலிருந்தே வேலி கட்டினான். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டோம். நம் வீட்டுச் சிறுமியைக் கை காட்டினான்.

தங்கள் ஊர் விதிகளை எழுதி அனுப்ப விரும்பும் அன்பர்கள் ஊர்ப்பெயருடன், புலிகளை வைக்கும் முறை, வெட்டும் எண்ணிக்கை, தாண்டும் முறை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு இம்மாத இறுதிக்குள் சங்கத்து அஞ்சல் பெட்டியில் சேர்க்கவும். திருநெல்வேலியிலிருந்து மட்டும் இரண்டு விதிகள் இப்போதே வந்துவிட்டன.